பக்கத்தில் நின்றவனின் ஸ்லிங்

கல்லை வெட்டியது ஆசாரி, இடம் கொடுத்தது பஞ்சாயத்து, ஆனால் பொய் அந்த ஒரே ஆளுடையது தம்பி. முப்பத்துநாலு வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்துகொண்டு ஒரு வரி எழுதினார். ஒரே வரி. எழுதினது பொய் என்று அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியும். மூன்றாவது ஆளுக்குத் தெரியாது. அதுதான் அவருக்கு வசதி. பேர் சொல்ல மாட்டேன். சொன்னால் என் வாய் கசக்கும்.

நீங்கள் கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள், அந்த ஸ்பீக்கர் குழாய் உங்கள் முட்டியை இடிக்கிறது. புங்கநத்தத்துக்குத்தானே? கேட்கவே வேண்டாம். பத்து மணிக்கு நிழற்குடை திறப்பு, மைக் செட் வேலூரிலிருந்து வருகிறது என்று நேற்றே சொன்னார்கள். டெம்போ ரிப்பேராக்கும். பஸ்ஸில் ஆம்ப்ளிஃபயரைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வருகிறவரை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எனக்கு உங்களிடம் ஒரு காரியம் ஆக வேண்டும். விழாவில் மைக்கை ரெண்டு நிமிஷம் என் கையில் கொடுக்க வேண்டும். ரெண்டே நிமிஷம். முடியாது என்று தலையை ஆட்டுகிறீர்கள். ஆட்டுங்கள். முதலில் முடியாது என்கிறவனிடம்தான் பேரம் படியும். பொய்கைச் சந்தையில் இருபது வருஷமாக மாட்டுத் தரகு பண்ணுகிறேன், துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்தால் எதிராளி மனசில் ஓடுவதைச் சொல்லிவிடுவேன். ஊர் வர இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. நான் சொல்வதைக் கேளுங்கள். கேட்டுவிட்டு முடியாது என்றால் அப்புறம் வற்புறுத்த மாட்டேன்.

நான் முனிரத்தினம். பட்டாளத்தில் லான்ஸ் நாயக். எட்டாவதில் தேறவில்லை. காட்பாடி ரயிலில் வேர்க்கடலை விற்றேன், ரயில்வே போலீஸிடம் முதுகு வீங்க வாங்கினேன், கோட்டை மைதானத்தில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வெறுங்காலோடு போய் ஓடினேன். அன்றைக்கு என்னோடு ஓடினவன்தான் பரசுராமன். எங்கள் தெருக்காரன். ஆமாம், நிழற்குடைக்குப் பேர் வைத்திருக்கிறார்களே, கௌரவ கேப்டன் பரசுராமன், அவனேதான். போன ஆடியில் மாரடைப்பில் போய்விட்டான்.

அந்த ஓட்டத்தில் நான் ஆறாவது. அவன் பதினொன்று. எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஆறு, பதினொன்று. ஆனால் மார்பு அளந்த டாக்டர் சபாஷ் என்று தட்டிக்கொடுத்தது யாரை? அவனை. ஆள் அப்படி. ஆறடி. சிரித்தால் எதிரில் இருக்கிறவனுக்கும் சிரிப்பு வரும். அவனுக்கு எதுவுமே கேட்காமல் கிடைக்கும் தம்பி. சமையல் கூடத்தில் நான் இன்னொரு கரண்டி குழம்புக்கு மூணு பொய் சொல்ல வேண்டும். அவன் தட்டை நீட்டினால் போதும். லீவில் ஊருக்கு வந்தால் என்னைப் பெற்றவளே வாசலில் நின்று என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "பரசு வரலியா?" என்பாள். நான் ஒருத்தன் எதிரில் நிற்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஸ்லிங் தெரியுமா உங்களுக்கு? துப்பாக்கிக்கு முன்னால் ஒரு வளையம், அடிக்கட்டைப் பக்கம் ஒரு வளையம். ரெண்டையும் சேர்த்து ஒரு கான்வாஸ் வார். தோளில் மாட்டிக்கொள்ள. அதைத்தான் நாங்கள் ஸ்லிங் என்போம். சிப்பாய் துப்பாக்கியை ஸ்லிங்கோடு தூக்க வேண்டுமா, ஸ்லிங் இல்லாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு போக வேண்டுமா? சின்ன விஷயம் மாதிரி இருக்கிறது, இல்லையா? இதற்காக எங்கள் செக்ஷனில் பத்து ஆம்பிளைகள் ஒரு மாதம் ராத்திரிச் சாப்பாட்டை ஆறவிட்டுச் சண்டை போட்டார்கள். சண்டையை ஆரம்பித்து வைத்தது நான்.

ஏன் ஆரம்பித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மறைத்துவிட்டான் என்று நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது.

வடகிழக்கில் ஒரு மலைக் காவல் முகாம். வருஷத்தில் பாதி நாள் மழை. துணி காயாது, மனுஷனும் காய மாட்டான். ஸ்லிங் நனைந்து நாறும். பரசுராமன் என்ன செய்தான், தகர அடுப்பின் புகைக்குழாய் மேல் தன் ஸ்லிங்கைக் காயப் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டான். எழுந்து பார்த்தால் நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் கருகிப்போய்க் கிடக்கிறது. மறுநாள் காலை கிட் பரிசோதனை. எங்கள் ஹவில்தார் சாமுவேல், நாசரேத்துப் பக்கத்து ஆள், சட்டைப் பித்தான் ஒன்று குறைந்தாலே மூட்டையை முதுகில் ஏற்றி முகாமைச் சுற்றி ஓடவிடுவார். சர்க்கார் கொடுத்த ஸ்லிங்கை எரித்தவனை என்ன செய்வார், நினைத்துப் பாருங்கள்.

பரசுராமன் என் கட்டிலுக்கு வந்து உட்கார்ந்தான். "முனி, உன்னுத குடேன். நீ இத சுருட்டி வெச்சுக்க. கருகினது உள்பக்கம் போயிடும், தெரியாது. உன் கிட்ட அவரு அவ்வளவா பாக்க மாட்டாரு."

அதுவும் சரிதான். என்னை யாரும் அவ்வளவாகப் பார்ப்பதில்லை. அதை என்னிடமே வந்து சொல்கிறான்.

"இன்னா தருவ?" என்றேன்.

"இன்னா வேணும்?"

"மூணு மாச ரம்."

எங்களுக்கு அங்கே குளிருக்கு ரம் உண்டு. அவன் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. சரி என்று சொல்லிவிட்டான். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பேரம் என்றால் இழுபறி வேண்டாமா? ஆறு மாதம் கேட்டிருக்கலாமே என்று அன்றைக்கு ராத்திரி முழுக்கப் புரண்டேன். போகட்டும். அந்த ரம்மை நான் குடிக்கவில்லை. சமையல்காரனுக்குக் கொடுத்துத் தினமும் ரெண்டு முட்டை வாங்கினேன். பிழைக்கத் தெரிந்தவன்.

பரிசோதனையில் தப்பித்தோம். ஆனால் காவல் சுற்றுக்குப் போகும்போது கருகின ஸ்லிங்கை மாட்ட முடியுமா? பாதி வழியில் அறுந்து விழும். கழற்றி வைத்துவிட்டுப் போனேன். மூன்றாம் நாள் சாமுவேல் கண்ணில் பட்டுவிட்டது.

"ஏலே முனி. துப்பாக்கிக்கு ஸ்லிங் எங்கல?"

"கழட்டி வெச்சிருக்கேன் ஹவில்தார். வேணும்னுதான்."

"வேணும்னா? யாரக் கேட்டுல கழட்டுன?"

என்ன சொல்வது? வாய் இருக்கிறதே, அது என்னைக் கைவிட்டதில்லை. "தோள்ல மாட்டினா கை சும்மா இருக்கும் ஹவில்தார். கை சும்மா இருந்தா கண்ணும் சும்மா இருக்கும். திடீர்னு ஒருத்தன் எதிர்ல வந்தான்னு வெச்சுக்குங்க, தோள்லருந்து எறக்கி, நேர் பண்ணி, குறி வெக்கறதுக்குள்ள அவன் நம்மள எறக்கிடுவான். துப்பாக்கின்றது கையில இருக்கணும். தோள்ல தொங்கறதுக்கு அது இன்னா மஞ்சப் பையா?"

சாமுவேல் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ பட்டாளத்துக்கு வந்திருக்கக் கூடாதுல. கோர்ட்டுல கறுப்புக் கோட்டு போட்டுருக்கணும்" என்றார். ஆனால் அதைப் போய் அந்த ஆளிடம் சொன்னார்.

அந்த ஆள். எங்கள் லெப்டினன்ட். அப்போது இருபத்துமூணு வயசு. வடக்கே பெரிய குடும்பம். எங்களைப் போன்ற தமிழ்ப் பட்டாளத்துக்கு வருகிற அதிகாரி தமிழ் கற்றுக்கொள்ள வேண்டும், அது வழக்கம். அவர் புத்தகம் வைத்துக்கொண்டு கற்றார். என்னைக் கூப்பிட்டனுப்பினார். நான் மறுபடியும் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது சரி என்று பட்டது. இல்லை, சரியேதான். இன்றைக்கும் சொல்கிறேன், கையில் பிடித்திருப்பதுதான் நம்முடையது. கருகின ஸ்லிங் இல்லாவிட்டாலும் நான் அந்த முடிவுக்கு வந்திருப்பேன். கொஞ்சம் நாள் ஆகியிருக்கும், அவ்வளவுதான்.

அவர் கேட்டுவிட்டு, "முனி, உன் பேச்சு நல்லா இருக்குது. உண்மையா இருக்குதா, பாக்கலாம்" என்றார்.

ஒரு மாதம் சோதனை வைத்தார் தம்பி. பத்துப் பேரில் அஞ்சு பேர் ஸ்லிங்கோடு, அஞ்சு பேர் ஸ்லிங் இல்லாமல். நோட்டில் நடுவே கோடு கிழித்து ரெண்டு பக்கமும் எழுதினார். விசில் அடித்தால் எத்தனை நொடியில் குறி வைக்கிறோம் என்று கையில் கடிகாரத்தோடு நின்றார். நாங்கள் ரெண்டு நொடி. அவர்கள் அஞ்சு. எங்கள் பக்கத்துக்கு நான்தான் தலைவன். பரசுராமன் அந்தப் பக்கம். என் ஸ்லிங்கை மாட்டிக்கொண்டு அந்தப் பக்கம்.

சாயந்திரம் சாப்பாட்டு நேரத்தில் வாதம் நடக்கும். லெப்டினன்டும் முக்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். பரசுராமன் மெதுவாகத்தான் பேசுவான். "ஒருத்தன் அடிபட்டு விழுந்துட்டான்னா தூக்கணும்ல முனி. ரெண்டு கையும் வேணும். துப்பாக்கிய எங்க வெப்ப?"

"அடிபடாம இருக்கத்தான்டா கையில வெச்சிருக்கேன்."

"மேடு ஏறணும், கயிறு புடிக்கணும்..."

"ஏறத் தெரியாதவன் பட்டாளத்துக்கு ஏன் வரணும்? மாட்டு வண்டி ஓட்டறது."

எல்லாரும் சிரித்தார்கள். லெப்டினன்ட் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "முனி ஜெயிச்சான்" என்றார். எல்லார் எதிரிலும். ஜெயிச்சான். என் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பரசுராமன் உட்கார்ந்திருக்கும் இடத்தில் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அவன் என்ன செய்தான் தெரியுமா? கை தட்டினான். மனசாரக் கை தட்டினான். முகம் சுருங்குமா என்று உற்றுப் பார்த்தேன், சுருங்கவில்லை. அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தோற்கக்கூடத் தெரியாதவனை ஜெயித்து என்ன சுகம்?

மாதம் முடிந்ததும் பட்டாலியனுக்கு எழுதுகிறேன் என்றார் லெப்டினன்ட். சிப்பாய் முனிரத்தினத்தின் யோசனை என்று பேர் போட்டு. நான் ஊருக்குக் கடிதம் எழுதிவிட்டேன்.

இருபத்துமூணாம் நாள். காவல் சுற்று முடிந்து திரும்புகிறோம். வழியில் ஒரு ஓடை. சாதாரண நாளில் முழங்கால் தண்ணீர். அன்றைக்கு மழையில் பழுப்பாகப் பொங்கிக்கொண்டு போகிறது. மேலே ரெண்டு மரத்தைச் சேர்த்துக் கட்டின பாலம், பிடித்துக்கொள்ள ஒரு பக்கம் பிரம்புக் கயிறு. மற்றவர்கள் திருப்பத்துக்கு அப்பால் பின்தங்கி வருகிறார்கள். நான் முதலில் தாண்டி அக்கரையில் நிற்கிறேன். அடுத்தது லெப்டினன்ட். அவருக்குப் பின்னால் பரசுராமன். மூணே பேர்.

அன்றைக்கு லெப்டினன்டும் ஸ்லிங்கைக் கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தார். தானே செய்து பார்க்க வேண்டுமாம். என் பேச்சைக் கேட்டுத்தான், ஒப்புக்கொள்கிறேன். ஒரு கையில் துப்பாக்கி, ஒரு கையில் கயிறு. நடு மரத்தில் பாசி. கால் வழுக்கியது. ஒரு கைப்பிடி போதவில்லை. விழுந்தார். அவர் துப்பாக்கி தண்ணீரோடு போயிற்று. அவர் பாறைக்கும் அடி மரத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்டார். தண்ணீர் மோவாயைத் தொடுகிறது. கண்ணு ரெண்டும் என்னைத்தான் பார்க்கின்றன.

இப்போது சொல்லப்போவதை முப்பத்துநாலு வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. பெண்டாட்டியிடம்கூட.

நான் சும்மா நிற்கவில்லை தம்பி. ஈரப் பாறையில் குப்புறப் படுத்தேன். துப்பாக்கியின் குழலை நான் பிடித்துக்கொண்டு, அடிக்கட்டையை அவர் பக்கம் நீட்டினேன். எட்டியது. அவர் விரல் பட்டது. தூண்டிலில் மீன் தொட்டால் கையில் தெரியுமே, அந்த மாதிரி தெரிந்தது. அவர் கை அடிக்கட்டையைத் தடவியது, வழுக்கியது, அதற்குக் கீழே போய்த் துழாவியது. வளையம் இருக்கிற இடத்தில். ஸ்லிங் தொங்க வேண்டிய இடத்தில். பிடிக்க ஒன்றும் இல்லை. மழையில் ஊறின மரம், எண்ணெய் பூசினது மாதிரி. ரெண்டாம் தடவையும் விரல் பட்டது. ரெண்டாம் தடவையும் வழுக்கியது.

துப்பாக்கியைப் போட்டுவிட்டுக் குதித்திருக்கலாமே என்கிறீர்கள். எல்லாரும் இதைத்தான் கேட்பார்கள். பட்டாளம் தெரியாத ஆள் சொல்லிவிடலாம். துப்பாக்கியைத் தொலைத்த சிப்பாய்க்கு ஜெயில். பாறைமேல் வைத்திருக்கலாம், சரி, வைத்திருக்கலாம். கையில் பிடித்ததை விட்டுப் பழக்கமில்லாதவன் நான். விடு என்று மனசு சொன்னது, விரல் கேட்கவில்லை. எவ்வளவு நேரம் என்று கேட்டால் பத்து நொடி இருக்குமா? அதற்குள் அவன் வந்துவிட்டான்.

பரசுராமன் பாலத்தின் மேலேயே ஓடி வந்தான். துப்பாக்கியை முதுகுக்குத் தள்ளினான், குதித்தான், ஒரு கையால் பிரம்பைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் அவரைக் கக்கத்தில் கவ்வினான். அவன் முதுகில் துப்பாக்கி அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. எதில்? என் ஸ்லிங்கில். நான் பார்த்தேன், பித்தளைக் கொக்கிக்குப் பக்கத்தில் என் நம்பர். என் ஸ்லிங் மாட்டியிருந்ததால்தான் அவனுக்கு ரெண்டு கை இருந்தது. அதை ஏன் யாரும் எழுதவில்லை? ரெண்டு பேரையும் காலரைப் பிடித்துக் கரைக்கு இழுத்துப் போட்டது யார்? அதை ஏன் எழுதவில்லை?

ஆஸ்பத்திரியிலிருந்து லெப்டினன்ட் அறிக்கை அனுப்பினார். ஸ்லிங் சோதனையின் முடிவு. சாமுவேல் எல்லாரையும் நிற்கவைத்துத் தமிழில் படித்துச் சொன்னார். காவல் சுற்றில் எல்லாரும் ஸ்லிங் மாட்ட வேண்டியது. காரணம், பரசுராமன் என்ற சிப்பாய், இரு கைகளும் தாராளமாக இருந்ததால், ஓர் உயிரைக் காப்பாற்றினார். பக்கத்தில் இருந்த இன்னொரு சிப்பாய், கைகளில் துப்பாக்கி இருந்தபடியால், செய்வதறியாது நின்றார்.

நின்றார். நான் படுத்திருந்தேன் தம்பி. நெஞ்செல்லாம் பாறை சிராய்த்து ரத்தம். என் பேர்கூட அதில் இல்லை. ஒரு மாதம் முனி முனி என்று தொடையைத் தட்டினவர், தன் கணக்கு சரியாக வர வேண்டும் என்று என்னை 'இன்னொரு சிப்பாய்' ஆக்கிவிட்டார். ஸ்லிங் நல்லது என்று காட்ட ஒருத்தன் சும்மா நின்றாக வேண்டும். நிற்கவைத்தார்.

அன்றைக்கே முன்னால் வந்து சொல்லியிருக்கலாம். நீட்டினேன் என்று. சொன்னால் அடுத்த கேள்வி என்ன? அப்போ உன் ஸ்லிங் எங்கல என்பார், கருகினது வெளியே வரும். அதனால் வாயை மூடிக்கொண்டேன். என் வாய் என்னைக் கைவிட்டது அதுதான் முதல் தடவை.

கேள்வி வராமலா போயிற்று? வந்தது. "எல்லாவனும் ஸ்லிங்க மாட்டுங்கல" என்றார் சாமுவேல். நான் சுருட்டினதை விரித்தேன். நடுவில் கருகல். சாமுவேல் முகத்தில் மீசை துடித்தது. அதற்குள் பரசுராமன் ஒரு அடி முன்னால் வந்து நிற்கிறான். "அது என்னுது ஹவில்தார். நான்தான் எரிச்சேன். முனி பாவம், எனக்காகத் தன்னுத குடுத்தான்."

பாவமாம். நான் பாவமா? மூணு மாச ரம் பேசி வாங்கினவன் நான். அதைச் சொன்னானா? சொல்லவில்லை. என்னைப் பிச்சை போட்டவன் மாதிரி ஆக்கி, அந்தப் பெருமையையும் தானே எடுத்துக்கொண்டான். மெடலுக்குப் பேர் போயிருக்கிற ஆள், முதுகில் மூட்டையோடு மழையில் முகாமைச் சுற்றி ஓடுகிறான். பார்க்கிறவன் கண்ணிலெல்லாம் தண்ணீர். தண்டனையிலும் அவனுக்குத்தான் பேர். எனக்கு ஒரு தண்டனையாவது கிடைத்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அப்புறம் என்ன? அவனுக்கு மெடல், நாயக், ஹவில்தார், சுபேதார், போகும்போது கௌரவ கேப்டன். நான் பதினேழு வருஷத்தில் சிப்பாய்க்கு ஒரே படி மேலே, லான்ஸ் நாயக்காக வெளியே வந்தேன். குடியரசு தினத்துக்குப் பள்ளிக்கூடத்தில் கொடி ஏற்றுவது அவன். கோயில் தகராறு என்றால் அவன். பொய்கைச் சந்தையில் மாட்டை ஏமாற்றி விற்றவனைப் பிடித்தால்கூட, "கேப்டன் சாரக் கூப்பிடுங்க" என்பார்கள். நான்தான் பிடித்திருப்பேன். அவன் செத்த அன்றைக்கு என் வீட்டுக்காரி அழுத அழுகையைப் பார்த்து, "நான் செத்தா இதுல பாதி அழுவியாடி?" என்று கேட்டேன். "செத்துப் பாருங்க, தெரியும்" என்றாள்.

சிரியுங்கள், பரவாயில்லை.

இப்போது நிழற்குடையில் பதித்திருக்கிற அந்தக் கல். பரசுராமன் வீட்டுப் பெட்டியில் மெடலோடு அந்த அறிக்கையும் இருந்திருக்கிறது. பள்ளிக்கூடத்து வாத்தியார் அதை எடுத்து, அழகு படுத்தி, கல்லுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். 'உடனிருந்த வீரர் செய்வதறியாது நிற்க, தன்னுயிரைப் பொருட்படுத்தாது ஓடையில் பாய்ந்து...' தங்க நிறப் பெயிண்ட். புங்கநத்தத்திலிருந்து அந்த செக்ஷனில் இருந்தது ரெண்டே பேர். ஒருத்தன் பாய்ந்தான். அப்படியானால் நின்றவன் யார்? பஸ்ஸுக்கு நிற்கிற சின்னப் பிள்ளைகூட விரல் விட்டுச் சொல்லிவிடும்.

பஞ்சாயத்துத் தலைவரம்மாவிடம் போனேன். "அண்ணா, அதுல உங்க பேரே இல்லியே, நீங்க ஏன் எடுத்துக்கறீங்க?" என்கிறார். பேர் இல்லாததுதான் என் வழக்கு என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பது? "கல்லு வெட்டியாச்சு. மாத்தணும்னா அந்த மிலிட்டரி சார் வந்து சொல்லட்டும், எழுதினது அவருதான" என்றார். அதுவும் நியாயம்.

இதோடு போயிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். என் மகன் தணிகைவேல் பட்டாளத்தில் இருக்கிறான். பரசுராமன் கதையைக் கேட்டுக் கேட்டுப் போய்ச் சேர்ந்தவன். என் கதையைக் கேட்டு இல்லை. போன வாரம் லீவில் வந்தான். பஸ் நிறுத்தத்தில் இறங்கினவன் கல்லைப் படித்துவிட்டு வீட்டுக்கு வந்தான். சாப்பிட்டுக் கை கழுவும்போது சொன்னான். "பரவால்லப்பா. அந்த எடத்துல யாரா இருந்தாலும் அப்படித்தான் நின்னிருப்பாங்க."

மன்னித்துவிட்டான் தம்பி. நான் பெற்ற பிள்ளை என்னை மன்னித்துவிட்டான். நான் நிற்கவே இல்லை.

அதனால்தான் இன்றைக்கு விடியற்காலையே காட்பாடி ஸ்டேஷனுக்கு வந்தேன். ஆமாம், அந்த லெப்டினன்ட், அவரேதான் நிழற்குடையைத் திறக்க வருகிறார். பிரிகேடியராகி ஓய்வு பெற்றாயிற்று. முதல் வகுப்பிலிருந்து இறங்கினார். முடியெல்லாம் வெள்ளை. அதே மூக்கு. நேரே போய் விறைப்பாக நின்று சல்யூட் வைத்தேன். என்னைப் பார்த்தார். முகத்தைத்தான் பார்த்தார். தலையை ஆட்டினார். அப்புறம் தன் பெட்டியைக் காட்டினார்.

தூக்கினீர்களா என்று கேட்காதீர்கள். தூக்கினேன். படி ஏறி, படி இறங்கி, கார் வரைக்கும் தூக்கினேன். முனி சார், முனிரத்தினம் சார் என்று வழியெல்லாம் நாக்கு நுனியில் வைத்துக்கொண்டே போனேன். வரவில்லை. சந்தையில் நாலு ஊருக்குக் கேட்கிற வாய். கார் கதவைச் சாத்தும்போது, "நீ பரசுராமன் ஊரா?" என்று கேட்டார். தமிழ் இன்னும் மறக்கவில்லை. ஆமாம் என்றேன். "நல்ல மனுஷன்" என்றார். கார் போய்விட்டது. நான் உங்கள் பஸ்ஸில் ஏறினேன்.

அதோ, ஏரிக்கரை வந்துவிட்டது. அடுத்த நிறுத்தம். ஷாமியானா தெரிகிறது பாருங்கள், விழாவுக்காக நேற்றுப் போட்ட அந்தப் பச்சைத் துணிக்குள்தான் கல்.

என்ன, ரெண்டு நிமிஷம் கொடுக்கிறேன் என்கிறீர்களா? பார்த்தீர்களா, பேரம் படிந்தது. ஆனால் வேண்டாம் தம்பி. இவ்வளவு நேரம் உங்களிடம் பேசினதில் எனக்கே ஒன்று தெரிந்துபோயிற்று. நான் சொன்னால் தரகு முனி பேரம் பேசுகிறான் என்பார்கள். செத்தவன் பேரில் பொறாமை என்பார்கள். பொறாமைதான். இல்லை என்று யார் சொன்னது? எழுதினவர் வாயிலிருந்தே வர வேண்டும். ஸ்லிங்கை ரம்முக்குக் கொடுத்ததையும் ஊர் சொல்லட்டும், துப்பாக்கியை விட மனசு வராததையும் சொல்லட்டும், தணிகைவேல் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கட்டும். எனக்குப் பரசுராமன் அளவுக்குக் கல் வேண்டாம். 'நிற்க' என்கிற அந்த ஒரு வார்த்தை மட்டும் போக வேண்டும்.

நான் மேடைக்கு எதிரில் போய் நிற்கிறேன். இந்தத் தடவை நாக்கு புரண்டால் போதும், அவரிடம் கேட்கப்போவது இவ்வளவுதான். சார், முழங்கால் ஓடை, மழை, ரெண்டு மரப் பாலம். தண்ணீர் உங்கள் மோவாய்க்கு வந்தபோது உங்கள் விரலில் ஒரு மரக்கட்டை பட்டது. ஒரு தடவை இல்லை, ரெண்டு தடவை. அது தானாக வந்து படவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு மறுபக்கம் ஒருத்தன் குப்புறக் கிடந்தான். அவன் முகத்தைப் பார்த்தீர்கள். உங்களுக்கு வயசாகிவிட்டது, எனக்கும் ஆகிவிட்டது, இனி உங்கள் நோட்டில் எந்தப் பக்கம் ஜெயித்தால் என்ன? துணியை விலக்குவதற்கு முன்னால் என் மகனைப் பார்த்துச் சொல்லுங்கள் சார். பட்டதா, இல்லையா?